சொந்த டொமைன் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது: நடுவில் எதையும் சேமிக்காமல்

டொமைன் வாங்கியாயிற்று. கடை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் வணக்கம்@எக்ஸாம்பிள்.காம் என்று போட வேண்டும். ஆனால் அதற்கென்று தனி மெயில்பாக்ஸ் எடுத்து மாதாமாதம் பணம் கட்ட மனமில்லை. தினமும் திறந்து பார்க்கும் ஜிமெயிலிலேயே வந்து விழுந்தால் போதும். இதற்குத்தான் ஃபார்வர்டிங் சேவைகள். கிளவுட்ஃபிளேரின் ஈமெயில் ரூட்டிங், ஃபார்வர்ட் ஈமெயில், இம்ப்ரூவ்எம்எக்ஸ் மூன்றிலும் காசில்லாமல் தொடங்கலாம்.

இவற்றில் சில, உங்கள் மெயிலைத் தங்கள் சர்வரில் சேமிப்பதே இல்லை என்று சொல்கின்றன. இதை விளம்பர வாசகமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சேமிக்காமல் அனுப்புவது என்றால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், பின்னால் வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிட்டு செட்டிங்ஸுக்குப் போவோம். (கட்டளைகளையும் ரெக்கார்டுகளையும் முகவரிகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். பேனலில் இடும்போது, சேவை தரும் ஆங்கில வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.)

250 என்ற பதில்

மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று போர்ட் 25 வழியாக, எஸ்எம்டிபி என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் ஒரு மெயில் அனுப்பினால், அவருடைய சர்வர் உங்கள் டொமைனின் எம்எக்ஸ் ரெக்கார்டை, அதாவது இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் பதிவைத் தேடி எடுக்கும். அதில் இருக்கும் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தும். பிறகு நடக்கும் உரையாடல் இது:

பெறும் சர்வர் 220 என்று வரவேற்கும். அனுப்பும் சர்வர் "மெயில் ஃப்ரம்" என்று அனுப்புநரைச் சொல்லும்; பதில் 250. "ஆர்சிபிடி டு" என்று பெறுநரைச் சொல்லும், பதில் 250. "டேட்டா" என்றதும் 354, அதாவது அனுப்பு என்று பதில் வரும். மெயில் முழுவதும் போகும். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும். அதற்கு வரும் 250தான் முக்கியமான 250.

எஸ்எம்டிபிக்கான விதிமுறை ஆவணம், 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321, இதில் கறாராக இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு 250 சொல்லிவிட்டால் அந்த மெயிலுக்கான பொறுப்பு முழுவதும் பெற்றுக்கொண்ட சர்வருடையது. ஒன்று, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையேல் சேரவில்லை என்று அனுப்பியவருக்குத் தகவல் தர வேண்டும். சர்வர் நடுவில் படுத்துவிட்டது, மெயிலும் போய்விட்டது என்று கைவிரிக்க முடியாது. அதனால்தான் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற வழக்கமான மெயில் சர்வர்கள் 250 சொல்வதற்கு முன்பே மெயிலை டிஸ்கில் எழுதிவைக்கின்றன. பிறகு ஆற அமர ஜிமெயிலுக்கு அனுப்பும்.

சேமிக்காத ஃபார்வர்டர் அந்த 250ஐத் தள்ளிப்போடுகிறது. புள்ளி வந்ததும் வாடிக்கையாளரின் சர்வரைக் காத்திருக்க வைத்துவிட்டு, மெயிலை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, ஜிமெயிலோடு இன்னோர் இணைப்பைத் திறக்கும். அதே உரையாடலை அங்கே நடத்தும். ஜிமெயில் 250 சொன்னால் இங்கேயும் 250. ஜிமெயில் மறுத்தால் இங்கேயும் மறுப்பு. புள்ளிக்குப் பிறகு குறைந்தது 10 நிமிடம் பதிலுக்குக் காத்திருக்கும்படி ஆர்எஃப்சி சொல்கிறது. நடைமுறையில் சில விநாடிகளிலேயே முடிந்துவிடும்.

அப்படியானால் ஜிமெயில் அந்த நேரத்தில் வேலை செய்யாவிட்டால்? 4இல் தொடங்கும் பதில் வரும்: 421, 450, 451 இப்படி. இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். ஃபார்வர்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்லும். மெயில் வாடிக்கையாளருடைய சர்வரின் வரிசையிலேயே இருக்கும். குறைந்தது 30 நிமிட இடைவெளியில் மறுபடி முயல வேண்டும், 4 முதல் 5 நாளாவது விடாமல் முயல வேண்டும் என்பது அதே ஆர்எஃப்சியின் பரிந்துரை. ஆக, மெயில் எங்குமே சேமிக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. நடுவில் நிற்பவரிடம் சேமிப்பு இல்லை, அவ்வளவுதான். அந்தச் சுமை அனுப்புபவர் தலையில் விழுகிறது.

5இல் தொடங்கும் பதில் நிரந்தர மறுப்பு. 550 என்றால் அனுப்பும் சர்வரே தன் பயனருக்கு "போய்ச் சேரவில்லை" என்று எழுதிவிடும். இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பும் ஃபார்வர்டர், போலி அனுப்புநர் பெயரில் வந்த ஸ்பேமுக்கும் "சேரவில்லை" என்று அந்தப் போலிப் பெயருக்கே எழுதும். சம்பந்தமே இல்லாத ஒருவர் இன்பாக்ஸில் குப்பை சேரும். ஃபார்வர்டரின் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும். சேமிக்காத முறையில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

குறைகளும் இங்கிருந்தேதான் வருகின்றன. அனுப்புகிறவர் முறையாக மறுமுயற்சி செய்யும் சர்வர் வைத்திருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். 451 கேட்டதும் விட்டுவிடும் ஸ்கிரிப்ட்களும் பழைய பில்லிங் மென்பொருள்களும் உண்டு. ஓடிபியோ இன்னும் மோசம்: அரை மணி கழித்து வரும் ஓடிபியால் யாருக்கு என்ன பயன்? வங்கி, வரிக் கணக்குகளுக்கு ஜிமெயில் முகவரியையே நேரடியாகக் கொடுப்பது நல்லது.

ஒரே முகவரியை இரண்டு பேருக்குத் திருப்பிவிட்டால் இன்னொரு சிக்கல். ஒருவரின் இன்பாக்ஸ் ஏற்றுக்கொள்கிறது, இன்னொருவருடையது 451 சொல்கிறது. ஃபார்வர்டர் சொல்லக்கூடியதோ ஒரே பதில். 250 சொன்னால் இரண்டாமவருக்கு மெயில் போகாது. 451 சொன்னால் மறுமுயற்சியில் முதலாமவருக்கு இரண்டாவது பிரதி போகும். நல்ல சேவைகள் மெயிலின் உள்ளடக்கத்தை வைக்காமல், அதிலிருந்து கணக்கிட்ட சிறு கைரேகையை மட்டும் சில நாள் வைத்துக்கொண்டு, யாருக்கு ஏற்கெனவே போயிற்று என்று பார்த்துக்கொள்கின்றன. உங்கள் சேவையில் இது இல்லையென்றால் எப்போதாவது ஒரே மெயில் இரண்டு முறை வரும்.

"சேமிப்பதில்லை" என்பதை "பார்க்க முடியாது" என்று படித்துவிடாதீர்கள். டிஎல்எஸ் மறையாக்கம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. ஃபார்வர்டரின் நினைவகத்தில் மெயில் சில கணம் திறந்தபடிதான் இருக்கும். யார், யாருக்கு, எப்போது என்ற லாக் தனி. அதை எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று அவர்களுடைய தனியுரிமைப் பக்கத்தில் பாருங்கள். கடைசிப் பிரதி எப்படியும் ஜிமெயிலில்தான் இருக்கப்போகிறது.

அமைக்கும் முறை

முதலில், உங்கள் டொமைனின் நேம்சர்வர் (டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருந்து கேட்பவர்களுக்குச் சொல்லும் சர்வர்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். டொமைனை ஓரிடத்தில் வாங்கி, வெப்சைட்டுக்காக நேம்சர்வரை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றியிருப்பீர்கள். பிறகு டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில் உட்கார்ந்து எம்எக்ஸ் ரெக்கார்டு போட்டுக்கொண்டிருப்பீர்கள். பேனல் மறுப்பு எதுவும் சொல்லாது. ஆனால் உலகத்தில் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். நேம்சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரெக்கார்டு. கிளவுட்ஃபிளேரின் ஃபார்வர்டிங் வேண்டுமானால் டொமைனின் டிஎன்எஸ், அதாவது நேம்சர்வரும் ரெக்கார்டுகளும், கிளவுட்ஃபிளேரில் இருந்தாக வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டாவது, பழைய எம்எக்ஸ் ரெக்கார்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்க வேண்டாம். எம்எக்ஸில் சிறிய எண்ணுக்குத்தான் முன்னுரிமை; புதியது 10, பழையது 20 என்று இருந்தால் பழையது சும்மா கிடக்கட்டும் என்று தோன்றும். ஆனால் புதிய சர்வர் ஒரு முறை தற்காலிகமாக மறுத்தால் அனுப்புகிறவர் அடுத்து 20க்குப் போவார். பழைய ஹோஸ்டிங் மெயில்பாக்ஸ் இன்னும் உயிரோடு இருந்தால் அங்கே மெயில் போய் விழும். மாதக்கணக்கில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

மூன்றாவது, புதிய எம்எக்ஸ். சேவை இரண்டு அல்லது மூன்று சர்வர் பெயர் தரும். பெயர் என்ற கட்டத்தில் @ குறி மட்டும் இடுங்கள். முழு டொமைனையும் எழுதினால் பல பேனல்கள் அதன் பின்னால் டொமைனை இன்னொரு முறை ஒட்டி, எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்று ஆக்கிவிடும். மதிப்பு என்ற கட்டத்தில் சர்வர் பெயர்தான் வர வேண்டும். ஐபி எண் கூடாது. டிடிஎல் (ஒரு ரெக்கார்டை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு) 3600 விநாடி போதும். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே பழைய ரெக்கார்டின் டிடிஎல்லை 300க்குக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும்.

நான்காவது, எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்ற விதி. கிளவுட்ஃபிளேரில் இதை டாஷ்போர்டில் எழுதுகிறோம். சேரும் ஜிமெயிலுக்கு உறுதிப்படுத்தும் லிங்க் வரும், அதை அழுத்தாதவரை எதுவும் நகராது. ஃபார்வர்ட் ஈமெயிலின் இலவசத் திட்டத்திலோ விதியே டிஎக்ஸ்டி என்ற உரை வகை ரெக்கார்டாக டிஎன்எஸ்ஸில் உட்காரும்: ஃபார்வர்ட்-ஈமெயில்=வணக்கம்: என்று தொடங்கி ஜிமெயில் முகவரியோடு முடியும். அழகான ஏற்பாடுதான், ஆனால் டிஎன்எஸ் என்பது ஊரறிந்த விஷயம். உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதே தளம் அந்த வரியை மறைகுறியாக்கித் தரும் வசதியும் வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, எஸ்பிஎஃப்: உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி. சேவை சொல்லும் இன்க்ளூட் பகுதியைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருந்தால் புதிதாக இன்னொன்று போடாமல், இருக்கும் வரிக்குள்ளேயே இன்க்ளூடை நுழையுங்கள். இரண்டு எஸ்பிஎஃப் இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு வரியைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டினாலும் அதே கதிதான்.

"எல்லா முகவரியும்" என்ற கேட்ச்-ஆலைத் தொடக்கத்தில் அணைத்தே வையுங்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் இன்ஃபோ, அட்மின், சேல்ஸ் என்று அகராதி போல முயன்று பார்ப்பார்கள். கேட்ச்-ஆல் அத்தனையையும் ஜிமெயிலுக்கு அள்ளிக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் ஜிமெயில், விரும்பாத மெயில் அதிகம் வருகிறது என்று 421 சொல்லி வேகத்தைக் குறைக்கும். அப்போது நல்ல மெயிலும் சேர்ந்து தாமதமாகும்.

மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது

ஃபார்வர்டிங்கில் வரும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். மெயிலுக்கு உறை ஒன்று, உள்ளே கடிதம் ஒன்று. "மெயில் ஃப்ரம்" என்று சர்வர்கள் பேசிக்கொள்வது உறை மேல் உள்ள பெயர். நீங்கள் திரையில் பார்க்கும் அனுப்புநர் கடிதத் தலைப்பில் உள்ள பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எஸ்பிஎஃப் சோதிப்பது உறையை. இந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும். வாடிக்கையாளரின் டொமைன் தன் சர்வர்களுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கும். உங்கள் ஃபார்வர்டரின் ஐபி அந்தப் பட்டியலில் இருக்காது. எனவே உறையை மாற்றாமல் திருப்பிவிட்டால் எஸ்பிஎஃப் தோற்கும். இதற்காகத்தான் எஸ்ஆர்எஸ் என்ற உத்தி. ஃபார்வர்டர் உறை முகவரியைத் தன் பொறுப்பில் உள்ள டொமைனுக்கு மாற்றி எழுதும்: எஸ்ஆர்எஸ்0 என்று தொடங்கி, ஒரு சரிபார்ப்புச் சரம், நாள் குறிப்பு, அசல் டொமைன், அசல் பெயர் எல்லாம் சம குறிகளால் கோக்கப்பட்டிருக்கும். பின்னால் ஏதாவது மறுப்பு வந்தால் அதைப் பிரித்து அசல் அனுப்புநருக்கு அனுப்பலாம். சரிபார்ப்புச் சரம் இருப்பதால் வேறு யாரும் அந்த வடிவத்தைப் போலியாக உருவாக்க முடியாது.

இப்போது எஸ்பிஎஃப் தேறிவிட்டது. ஆனால் வேறு டொமைனின் பெயரில் தேறியிருக்கிறது. அடுத்த சோதனையான டிமார்க் கேட்பது, திரையில் தெரியும் அனுப்புநர் டொமைனோடு எஸ்பிஎஃப்போ டிகிம் என்ற கையொப்பமோ ஒன்றாவது பொருந்துகிறதா என்று. எஸ்பிஎஃப் இனிப் பொருந்தாது. ஆகவே எல்லா பாரமும் டிகிம் மேல்.

டிகிம் என்பது மெயிலின் உடலுக்கும் சில தலைப்பு வரிகளுக்கும் அனுப்பும் டொமைன் இட்ட கையொப்பம். எந்த ஐபி வழியாக வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. கையொப்பம் இட்ட பகுதியில் மாற்றம் இல்லாதவரை செல்லும். ஃபார்வர்டர் மேலே தன் "ரிசீவ்ட்" வரியைச் சேர்க்கலாம், பரவாயில்லை. சப்ஜெக்டில் ஒரு முன்னொட்டு போட்டாலோ, கீழே "எங்கள் சேவை வழியாக வந்தது" என்று ஒரு வரி ஒட்டினாலோ கையொப்பம் உடைந்துவிடும். இப்படி வரி ஒட்டும் சேவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி மிஞ்சும் ஒரே வகை: அனுப்புகிறவர் டிகிம் இல்லாமல் எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பி, டிமார்க்கில் பி=ரிஜெக்ட் (தேறாத மெயிலை நிராகரி) வைத்திருப்பது. இத்தகைய மெயில் எந்த ஃபார்வர்டர் வழியாக வந்தாலும் ஜிமெயில் 550 5.7.26 சொல்லித் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். 2019இல் வந்த ஏஆர்சி என்ற முறை இதற்கு ஓரளவு கைகொடுக்கும். நான் வாங்கியபோது எஸ்பிஎஃப் தேறியிருந்தது என்று ஃபார்வர்டர் கையொப்பமிட்டுச் சொல்லும். நம்புவதும் நம்பாததும் ஜிமெயிலின் இஷ்டம். நல்ல செய்தி: 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் கட்டாயமாக்கிவிட்டன. அதனால் டிகிம் இல்லாத பெரிய அனுப்புநர்கள் குறைந்துவிட்டார்கள்.

சோதித்துப் பார்ப்பது

விண்டோஸில் என்எஸ்லுக்அப், மேக்கிலும் லினக்ஸிலும் டிக் என்ற கட்டளையால் எம்எக்ஸைக் கேளுங்கள். புதிய சர்வர் பெயர்கள் மட்டும் வர வேண்டும்.

பிறகு ஒரு சோதனை மெயில். அதை, மெயில் போய்ச் சேரும் அதே ஜிமெயிலிலிருந்து அனுப்பாதீர்கள். ஜிமெயில் ஒவ்வொரு மெயிலின் மெசேஜ்-ஐடியைப் பார்க்கும். சென்ட் ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கும் ஐடியே திரும்பி வந்தால் அதை இரட்டைப் பிரதியாகக் கருதி இன்பாக்ஸில் காட்டாது. ஃபார்வர்டிங் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும், நீங்களோ ராத்திரி முழுக்க டிஎன்எஸ்ஸைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் வேறொருவரின் கணக்கிலிருந்தோ, அவுட்லுக்கிலிருந்தோ அனுப்புங்கள்.

வந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஷோ ஒரிஜினலை அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ் என்று இருந்தால் சரி. டிகிம் ஃபெயில் என்றால் நடுவில் யாரோ மெயிலைத் திருத்துகிறார்கள். எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் பாஸ் என்றால் சேவை எஸ்ஆர்எஸ் செய்யவில்லை; மெயில் வரும், ஆனால் நிம்மதியாக இருக்க முடியாது.

வெளியிலிருந்து எல்லாம் வருகிறது, உங்கள் வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் வரவில்லையா? ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் அதில் ஈமெயில் ரூட்டிங் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே "லோக்கல் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என்று இருக்கும். இந்த டொமைனின் மெயில்பாக்ஸ் என்னிடமே இருக்கிறது என்று அந்த சர்வர் நினைத்துக்கொண்டு, எம்எக்ஸைப் பார்க்காமலேயே உள்ளுக்குள் போட்டுவிடுகிறது. "ரிமோட்" என்று மாற்றினால் தீர்ந்தது.

பெரிய அட்டாச்மென்ட் திரும்பிப் போகிறது என்றால் அளவுக் கணக்கைப் பாருங்கள். ஃபைல்கள் மெயிலில் பேஸ்64 ஆக மாறித்தான் போகும்; 3 பைட் 4 எழுத்தாகும், வரி முறிவுகளும் சேரும். 25 எம்பி வரம்புள்ள சேவையில் சுமார் 18 எம்பி ஃபைல்தான் தாங்கும்.

பதில் எழுதுவது

ஃபார்வர்டிங் ஒருவழிப் பாதை. ஜிமெயிலிலிருந்து பதில் எழுதினால் ஜிமெயில் முகவரியே தெரியும். உங்கள் டொமைன் பெயரில் போக, ஜிமெயில் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் "சென்ட் மெயில் அஸ்" என்பதில் முகவரியைச் சேர்க்க வேண்டும். உறுதிப்படுத்தும் குறியீடு அந்த முகவரிக்கே வரும் என்பதால் ஃபார்வர்டிங் முதலில் ஓட வேண்டும். எஸ்எம்டிபி சர்வர் கேட்கும். ஜிமெயிலின் சொந்த எஸ்எம்டிபியை, போர்ட் 587, ஆப் பாஸ்வேர்டுடன் (ஒரு செயலிக்கென்று கூகுள் உருவாக்கித் தரும் தனிப் பாஸ்வேர்டு) கொடுப்பவர்கள் அதிகம். அதற்கு இருபடிச் சரிபார்ப்பு இயங்கியிருக்க வேண்டும். செலவில்லை, ஆனால் டிகிம் கையொப்பம் உங்கள் டொமைன் பெயரில் விழாது. எனவே இப்படி அனுப்பும்வரை உங்கள் டிமார்க்கை பி=நன் (தேறாவிட்டாலும் தடுக்காதே) என்றே வைத்திருங்கள். தொழிலுக்காக அனுப்புவதென்றால், உங்கள் டொமைன் பெயரில் டிகிம் இடும் எஸ்எம்டிபி சேவை ஒன்றை எடுப்பதே சரி. அந்த டொமைனிலிருந்து மெயிலே அனுப்பப்போவதில்லை என்பவர்கள் பி=ரிஜெக்ட் போட்டுவிடலாம்; உங்கள் பெயரில் வேறொருவர் அனுப்புவது தடுக்கப்படும்.

தமிழ் எழுத்தில் .இந்தியா, .சிங்கப்பூர் போன்ற டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. @க்குப் பிறகு வரும் தமிழ், டிஎன்எஸ்ஸில் புனிகோட் என்ற ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாறிவிடுவதால் சிக்கல் குறைவு. @க்கு முன்னாலும் தமிழ் வேண்டுமென்றால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற நீட்சியை ஆதரிக்க வேண்டும். ஜிமெயில் 2014 முதல் ஆதரிக்கிறது. உங்கள் ஃபார்வர்டரும் ஆதரிக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கூடவே ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல படிவங்கள் தமிழ் முகவரியைப் பிழை என்று தள்ளும்.

கடைசியாக, டொமைன் வாங்கிய கணக்கில் தொடர்பு மெயிலாக எதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வணக்கம்@எக்ஸாம்பிள்.காம் என்று அதே டொமைனைக் கொடுத்திருந்தால் இன்றே ஜிமெயிலுக்கு மாற்றுங்கள். டொமைன் காலாவதியானால் எம்எக்ஸும் அதோடு போய்விடும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும், பாஸ்வேர்டை மீட்கும் லிங்க்கும் வந்து சேர வழியே இருக்காது. தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இயக்கி, அதிலுள்ள கார்டு எந்த மாதம் காலாவதியாகிறது என்று பார்த்து வையுங்கள்.